போலிஷ்காரருக்கு உயர்நிலை ஆங்கிலம்: சொல்லெல்லாம் தெரிகிறது, பேச்சுதான் ஒட்டவில்லை

ஓத்ராக்கரை:

வணக்கம். கொஞ்சம் விசித்திரமான கேள்வி. எனக்காக இல்லை, என் டீம் லீடுக்காகக் கேட்கிறேன்.

நான் ஆறு வருடமாகப் போலந்தில், வ்ரொத்ஸ்வாஃப் நகரத்தில் இருக்கிறேன், ஐ.டி. டெஸ்டிங் வேலை. டீம் லீட் அசல் போலந்துக்காரர், நாற்பதை நெருங்குகிறவர். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதல் அரை மணி அவர் என் போலிஷைத் திருத்துவார், அடுத்த அரை மணி நான் அவருடைய இங்கிலீஷைத் திருத்த வேண்டும். என் பக்கத்துக் கதையை விடுங்கள். எட்டு வேற்றுமை படித்தவளுக்கு இவர்களுடைய ஏழு வேற்றுமை என்ன பெரிய விஷயம் என்று இறங்கி, வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சிக்கல் அவர் பக்கம்தான்.

அவர் ஏற்கெனவே சி1 அளவில் இருக்கிறார் (ஐரோப்பிய மொழி அளவுகோலில் கடைசிக்கு முந்தின படி, உச்சி சி2). நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் வேலை, இலக்கணப் பிழை அபூர்வம். கேம்பிரிட்ஜ் சி2 தேர்வு எழுத ஆசை. அதற்காக எங்கிருந்தோ அறுநூறு மரபுத்தொடர்கள் கொண்ட பட்டியலை அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போலிஷ் அர்த்தத்தை எழுதி, டிராமில் வரும்போது மனப்பாடம் செய்கிறார். போன மாதம் ஒரு ஜூனியர் பையனின் ஆண்டு மதிப்பீட்டில் ‘நாட் த ஷார்ப்பஸ்ட் டூல் இன் த ஷெட்’ என்று எழுதிவிட்டார். பட்டியலில் அதற்கு நேரே ‘அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை’ என்று மென்மையாகத்தான் போட்டிருந்ததாம். ‘மரமண்டை’ என்று எழுதியதற்குச் சமம். எச்.ஆர். கூப்பிட்டு விசாரித்தார்கள். மனிதர் உண்மையிலேயே வருத்தப்பட்டார், அந்தப் பையனை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்று. வாடிக்கையாளருக்கு ‘ஆக்சுவல் வெர்ஷன் ஃபோல்டரில் இருக்கிறது’ என்று மெயில் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து, ‘அப்படியானால் போன வாரம் அனுப்பியது என்ன?’ என்று பதில் வந்தது. அவர் சொல்ல வந்தது ‘தற்போதைய வெர்ஷன்’. அதே வாரம், ‘ஈவென்சுவலி வெள்ளிக்கிழமை கொடுக்கலாம்’ என்றார். முடிந்தால் கொடுக்கலாம் என்று அவர் நினைத்துச் சொன்னதை, எப்படியோ கடைசியில் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எது தப்பு என்று எனக்குக் காதில் பட்டுவிடுகிறது. ஏன் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. ‘அப்படிச் சொல்ல மாட்டார்கள்’ என்றால், ‘யார் சொல்ல மாட்டார்கள்? எந்த விதி?’ என்று கேட்கிற மனிதர். இந்த அறுநூறு பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்லலாமா? எதிலிருந்து தொடங்குவது? போலிஷ்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.

பியெரோகிப்பித்தன்:

இதெல்லாம் ‘புவ்கா ஸ் மாஸ்வெம்’ அக்கா! வெண்ணெய் தடவிய பன். அதாவது ரொம்பச் சுலபம். ஆங்கிலேயன் கேக் துண்டு என்கிறான், இவர்கள் பன் என்கிறார்கள், நாம் பழத்தை உரித்துக் கையில் கொடுப்பது என்கிறோம். எல்லாருக்கும் சுலபம் என்றால் சாப்பாடுதான்.

உங்கள் லீடிடம் ‘தேங்க் யூ ஃப்ரம் த மௌண்டன்’ என்று சொல்லிப் பாருங்கள், விழுந்து விழுந்து சிரிப்பார். ‘ஸ் கூரி ஜென்குயே’ என்றால் ‘முன்கூட்டியே நன்றி’. ஆனால் கூரா என்றால் மலையும்தான், அதனால் சொல்லுக்குச் சொல் போட்டால் ‘மலையிலிருந்து நன்றி’. ‘வித்தௌட் ஸ்மால் கார்டன்’ என்றும் ஒன்று உண்டு: ‘பெஸ் ஒக்ருதெக்’, சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்வது. சின்னத் தோட்டத்துக்கும் அதே சொல். இந்த மாதிரி வேண்டுமென்றே தப்பாக மொழிபெயர்த்து விளையாடுவது இங்கே பெரிய பொழுதுபோக்கு.

உதவியான பதில் இல்லை, தெரியும். மன்னிக்கவும்.

ஊச்_டீச்சரம்மா:

ஓத்ராக்கரை, உங்கள் லீடை எனக்குத் தெரியும். அதாவது அவரைப் போல முந்நூறு பேரையாவது தெரியும். பதினான்கு வருடமாக ஊச் நகரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். (வரைபடத்தில் லோட்ஸ் என்று படித்திருப்பீர்கள், உச்சரிப்பு ஊச்.) வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மொழிப்பள்ளியில், ‘எங்களுக்கு ஆங்கிலம் தாய்மொழியான நேட்டிவ்தான் வேண்டும்’ என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். சரி என்று தனியாகவே வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். நேட்டிவ் ஆளுக்கும் உங்களுக்கு இருக்கும் இதே பிரச்சினை உண்டு: எது தப்பு என்று தெரியும், ஏன் என்று தெரியாது. ஆங்கிலத்தைக் கஷ்டப்பட்டுக் கற்றவளுக்குத்தான் அந்த ஏன் தெரியும்.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். உங்கள் லீடிடம் சொற்கள் குறைவாக இல்லை. கூடுதலாக இருக்கின்றன. போலிஷ் மொழியில் லத்தீனிலிருந்து வந்த சொற்கள் ஏராளம். எருதித்ஸ்யா, திக்ரெஸ்யா, அம்பிவலென்த்னி என்று அவர் வீட்டு மொழியிலேயே புழங்குகின்றன. அதனால் ஆங்கிலப் புத்தகங்கள் ‘உயர்நிலைச் சொல்’ என்று விற்பதில் பாதி அவருக்குப் பிறவிச் சொத்து. மற்ற நாட்டுக்காரர்கள் நாக்கு வறண்டு மனப்பாடம் செய்கிற எருடிஷன் (ஆழ்ந்த படிப்பறிவு) என்ற சொல்லை, இவர் பார்த்த உடனே புரிந்துகொள்வார்.

அந்தச் சொத்தில்தான் பாம்பும் இருக்கிறது. ஒரே முகம், வேறு பொருள். இங்கே இவற்றைப் ‘போலி நண்பர்கள்’ என்பார்கள். நான் என் குறிப்பேட்டில் ‘போலிஷ் போலிகள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘அக்துஆல்நியே’, ‘எவென்துஆல்நியே’ இரண்டும் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும், ஆனாலும் அவசரத்தில் எல்லோரும் விழுவார்கள், உங்கள் லீட் விழுந்த மாதிரி. பென்ஸ்யா என்றால் சம்பளம், ஓய்வூதியம் இல்லை. ஒர்தினார்னி என்றால் ஆபாசமான, சாதாரணமான என்றில்லை. லுனாதிக் என்றால் தூக்கத்தில் நடப்பவர். இவற்றை முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். சி1 தாண்டியவரைக் கவிழ்ப்பவை வேறு. ‘பதெதிச்னி’ என்றால் போலிஷில் உணர்ச்சி பொங்கும், கம்பீரமான என்று பொருள். ஒரு மாணவி, தாத்தாவின் இறுதிச்சடங்கில் மாமா ஆற்றிய உரையைப் புகழ்ந்து ‘பத்தெட்டிக் ஸ்பீச்’ என்று கட்டுரையில் எழுதினாள். படிக்கிற ஆங்கிலேயருக்கு மாமா அங்கே உளறிக் கொட்டியதாகத் தோன்றும். ‘கொன்செக்வென்த்னி’ என்றால் சொன்ன சொல் மாறாமல் நடப்பவர், ஆங்கிலத்தில் அதற்குக் கன்சிஸ்டெண்ட். ‘என் மனைவி ரொம்பக் கான்சீக்வென்ட்டான அம்மா’ என்று எத்தனை அப்பாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! ‘ப்ரெதென்ஸ்யே’ என்றால் மனத்தாங்கல், பாசாங்கு இல்லை. ‘கொம்ப்ரொமிதாத்ஸ்யா’ என்றால் மானம் போவது, விட்டுக்கொடுப்பது இல்லை. ‘பராகோன்’ என்றால் கடையில் கொடுக்கும் பில். ஆங்கிலத்தில் பாராகன் என்பது உத்தமத்துக்கு உதாரணமாக நிற்பவர். இந்த வகையில் நாற்பது, ஐம்பது சொற்களை உட்கார்ந்து சேர்த்தாலே அவர் பிழையில் பெரும் பங்கு போய்விடும். அறுநூறை விட இது உருப்படியான பட்டியல்.

இரண்டாவது, தொனி. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. உங்கள் லீட் உணவகத்தில் ‘ஐ ரிசைன் ஃப்ரம் டெசர்ட்’ என்று எப்போதாவது சொல்லியிருப்பார், கேட்டுப் பாருங்கள். போலிஷில் ‘ரெஸிக்னொவாச்’ என்றால் வேண்டாம் என்று விடுவது, அது இனிப்பானாலும் வேலையானாலும். ஆங்கிலக் காதுக்கு, பாயசம் வேண்டாம் என்று ராஜினாமாக் கடிதம் கொடுத்த மாதிரி இருக்கும். லத்தீன் சொல்தான் முதலில் நாக்கில் வருகிறது என்பதால் போஸ்ட்போன், டாலரேட், கன்டினியூ என்றே பேசுவார். தப்பில்லை. ஆனால் நண்பரோடு பேசும்போதும் வக்கீல் நோட்டீஸ் வாசனை அடிக்கும். புட் ஆஃப், புட் அப் வித், கேரி ஆன் என்ற குட்டிச் சொற்கள் வர வேண்டிய இடம் அது.

இங்கேதான் எல்லோரும் அழுவார்கள்: ‘இந்த ஃப்ரேசல் வெர்புகளில் தர்க்கமே இல்லை!’ அப்போது நான் பலகையில் ‘பிசாச்’ என்று எழுதுவேன். எழுதுதல் என்று பொருள். (நம் காதுக்குப் பிசாசு மாதிரி இருக்கும், பழகிவிடும்.) அதன் முன்னால் ஒட்டுகளைப் போடச் சொல்வேன். ஸாபிசாச், குறித்து வைப்பது. பொத்பிசாச், கையெழுத்திடுவது. ப்ஷெபிசாச், பார்த்துத் திரும்ப எழுதுவது, மருத்துவர் மருந்து எழுதிக்கொடுப்பதும் அதுவே. விபிசாச், ஆஸ்பத்திரியிலிருந்து ஆளை டிஸ்சார்ஜ் செய்வதும் அதில் அடக்கம். நாட்பிசாச், கணினியில் பழைய கோப்பின் மேலேயே எழுதுவது. ‘இதில் என்ன தர்க்கம், எனக்கு விளக்குங்கள்’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு யாராவது ஒருவர், ‘வி’ என்றால் வெளியே, ‘ப்ஷெ’ என்றால் ஊடாக அல்லது மறுபடி, என்று தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார். அவ்வளவுதான். ஆங்கிலேயன் வாலில் ஒட்டுகிறான், இவர்கள் தலையில் ஒட்டுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் என்று சொல்லவில்லை, பொருத்தப் பார்த்தால் மறுபடியும் குழிதான். ஆனால் பயம் போய்விடும். பயம் போனால்தான் காதில் விழும்.

இன்னொரு விஷயம், நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். இவர்களிடம் நமக்கு நீ, நீங்கள் இருப்பது போல ‘பான்’, ‘பானி’ என்ற மரியாதை உண்டு. பான் என்று விளித்துவிட்டால் மரியாதைக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும், அப்புறம் வாக்கியம் நேராக இருக்கலாம். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே யூ. மரியாதையை வாக்கியம்தான் சுமக்க வேண்டும். ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’ என்று ஏன் இத்தனை சுற்று என்று கேட்பார். அந்தச் சுற்றுத்தான் அங்கே பான். ஒரே செய்தியை, ஒரு தடவை இயக்குநருக்கு, ஒரு தடவை கூடப் படித்த நண்பனுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமைக்கு ஒன்று போதும்.

இனி உங்கள் அறுநூறு. தூக்கிப் போட வேண்டாம், பிரியுங்கள். படம் மாறாமல் இரண்டு மொழியிலும் இருப்பவை முதல் குவியல்: முதலைக் கண்ணீர், அக்கிலிஸின் குதிகால், ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய், குளித்த தண்ணீரோடு குழந்தையையும் கொட்டுவது, பனிப்பாறையின் நுனி. இவை அவருக்குச் சும்மா கிடைத்தவை, ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். படம் முழுக்க வேறாக இருப்பவையும் அவ்வளவு ஆபத்தில்லை, ஏனென்றால் குழப்ப ஏதுமில்லை. அரைகுறையாக ஒத்துப்போகிறவைதான் ஆளைக் கவிழ்க்கும். பார்க்காமல் பொருள் வாங்குவதைப் போலிஷில் ‘சாக்கில் பூனை வாங்குவது’ என்பார்கள். ஆங்கிலத்தில் சாக்கில் இருப்பது பன்றி. ஆனால் ஆங்கிலத்திலும் பைக்குள் ஒரு பூனை உண்டு, அது வெளியே வந்தால் ரகசியம் வெளியான மாதிரி. இரண்டு பூனையும் ஒன்றோடொன்று சண்டை போட்டு, என் மாணவர் ஒருவர் ‘ஐ பாட் த கேட் அண்ட் இட் கேம் அவுட் ஆஃப் த பேக்’ என்றார். பழைய கார் வாங்கியதைச் சொன்னார், பாவம்.

எல்லாவற்றுக்கும் மேலாக: புரிந்துகொள்ள வேண்டியது வேறு, சொல்ல வேண்டியது வேறு. பூனையும் நாயுமாக மழை பெய்வதைப் பாடப்புத்தகம் விடவே விடாது, ஆனால் அதை வாயால் சொல்கிறவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கேட்டால் புரிய வேண்டும், போதும். அவர் சொல்ல வேண்டியவை மரபுத்தொடர் மாதிரியே தோன்றாது. பேர் வித் மீ, பை அண்ட் லார்ஜ், டு பி ஆன் த சேஃப் சைட், ப்ளே இட் பை இயர். ஒரு கூட்டத்தில் இவை பத்துத் தடவை காதில் விழும், யாரும் பட்டியல் போட மாட்டார்கள். கோடரி, கொட்டகை, வாளி எல்லாம் வரும் தொடர்களை அவர் தொடாமலிருப்பது அந்த ஜூனியர் பையனுக்கும் நல்லது.

எழுதிக்கொண்டே போய்விட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது.

ஓத்ராக்கரை:

டீச்சரம்மா, கோடி நன்றி. இன்று செவ்வாய், உடனே சோதித்துப் பார்த்தேன். ‘பத்தெட்டிக்’ என்றால் என்ன என்று கேட்டேன். ‘ஆ, அது தெரியும், உயர்ந்த நடை’ என்றார் பெருமையாக. சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. இரண்டு வருடம் முன்பு ஒரு வாடிக்கையாளரின் பிரிவு உபசார உரையை அந்தச் சொல்லால் பாராட்டி மெயில் போட்டிருக்கிறாராம். மெயிலைத் தேடக் கிளம்பிவிட்டார்.

பிசாச் விளையாட்டு அற்புதமாக வேலை செய்தது. ‘ப்ஷெப்ராஷாம் என்று மன்னிப்புக் கேட்கிறீர்களே, ப்ரொஷிச் என்றால் வேண்டுவது, அதில் இந்த ப்ஷெ என்ன செய்கிறது?’ என்று நானே ஒன்று கேட்டேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, அவர் அன்கி என்ற மனப்பாட அட்டை ஆப்பில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் போலிஷ் என்று அட்டை போடுகிறார், அது சரியா? இரண்டு, த, எ என்ற ஆர்ட்டிகிள் தொல்லை. தொடரெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு அதில் மட்டும் கோட்டை விடுகிறார்.

அகராதிப்புழு:

வார்சாவில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் ஒப்பந்தங்கள். முதலில் டீச்சரம்மாவோடு ஒரு சின்னச் சண்டை. ஒட்டு விளையாட்டு வகுப்பில் நன்றாக இருக்கும், சிரிப்பார்கள். ஆனால் விதி கேட்கிற மனிதரிடம் அதைக் கொடுத்தால் அதையே விதியாக்கிக்கொள்வார். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பொத்பிசாச் என்பதைப் பிரித்து, கீழே எழுதுவது, ஆகவே அண்டர்ரைட் என்று, கையெழுத்திட்டவர்களையெல்லாம் அண்டர்ரைட்டர் ஆக்கிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் அந்த ஆங்கிலச் சொல்லும் கீழே கையெழுத்திடுவதிலிருந்து வந்ததுதான், கப்பல் காப்பீட்டில் இழப்பை ஏற்பவர்கள் பத்திரத்தின் அடியில் பெயர் எழுதியதால். ஆனால் இன்று அப்படி எழுதினால் வேறு பொருளாகிவிடும், அதுவும் ஒப்பந்தத்தில்.

என் கணக்கில் பெரிய ஓட்டை மரபுத்தொடரும் இல்லை, ஃப்ரேசல் வெர்பும் இல்லை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதுதான். போலிஷில் தவறைப் ‘பொபெவ்னிச்’ செய்வார்கள், குற்றத்தையும் அதே வினையால் செய்வார்கள். ஆங்கிலத்தில் கமிட் குற்றத்துக்குப் பொருந்தும், தவறு என்றால் மேக். பாதி இடத்தில் சரியாக இருப்பதால் மீதிப் பாதி சந்தேகமே வராமல் ‘கமிட் எ மிஸ்டேக்’ என்று வரும். போலிஷில் புகைப்படம் ‘செய்வார்கள்’, ஆங்கிலத்தில் ‘எடுக்க’ வேண்டும். அனுபவம் போலிஷில் ‘பெரியது’, ஆங்கிலத்தில் பிக் என்றால் சின்னப்பிள்ளை பேசுகிற மாதிரி இருக்கும், எக்ஸ்டென்சிவ் வர வேண்டும். முடிவைப் போலிஷில் ‘கையில் எடுப்பார்கள்’, ஆங்கிலத்தில் மேக். புதுச் சொல் ஒன்றைக் கற்கும்போது அது தனியாக வரக் கூடாது, துணையோடுதான் வர வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் இரண்டு சேர்க்கையையும் மேற்கோள்குறி போட்டுத் தேடிப் பார்க்கலாம், அல்லது நிஜப் பேச்சையும் எழுத்தையும் திரட்டி வைத்திருக்கும் ஆங்கிலச் சொற்றொகுதிகளில் பார்க்கலாம். பிரிட்டிஷ் தேசியத் தொகுதியில் 10 கோடிச் சொற்கள் இருக்கின்றன. ‘யார் சொல்ல மாட்டார்கள்?’ என்று கேட்டாரே, அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவருக்குப் பிடித்த பதில் அதுதான்.

அட்டை விஷயம். இதில் அவர் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. 1980களில் போஸ்னான் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த பியோத்ர் வோஸ்னியாக் என்ற மாணவர், படித்த உயிரியலும் ஆங்கிலச் சொற்களும் மறந்துபோகின்றனவே என்று, எத்தனை நாள் இடைவெளியில் திரும்பப் பார்த்தால் மனதில் தங்கும் என்பதைத் தன்னை வைத்தே கணக்கெடுத்தார். 1985இல் காகிதத்தில் தொடங்கி, 1987இல் கணினி நிரலாக்கினார். அதுதான் சூப்பர்மெமோ. அதில் வந்த எஸ்எம்-2 என்ற கணக்கை அடிப்படையாக வைத்துத்தான் அன்கி பல வருடம் ஓடியது. ஆக, உங்கள் லீட் டிராமில் தட்டிக்கொண்டிருப்பது சொந்த நாட்டுச் சரக்கு.

ஆனால் கணக்கு நன்றாக இருந்து அட்டை மோசமாக இருந்தால், மோசமானதை மறக்காமல் வைத்திருப்பார். அவ்வளவுதான் பலன். ஷார்ப்பஸ்ட் டூல் நினைவில் தங்கியது இப்படித்தான். முன்பக்கம் அர்த்தம் வேண்டாம், காட்சி வேண்டும். உதாரணத்துக்கு: ‘வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி, வேலை முழுக்க முடியவில்லை, எல்லோருக்கும் களைப்பு, இத்தோடு நிறுத்திக்கலாம் என்று நீ சொல்கிறாய்’. பின்பக்கம்: ‘லெட்ஸ் கால் இட் எ டே’. முன்பக்கத்தைப் போலிஷிலேயே எழுதட்டும். யார், யாரிடம், எப்போது, இந்த மூன்றும் அட்டையில் இல்லாவிட்டால் அந்த அட்டையைக் கிழித்துவிட வேண்டும்.

ஊச்_டீச்சரம்மா:

அகராதிப்புழு, சண்டையை ஏற்றுக்கொள்கிறேன். அண்டர்ரைட்டர் கதை அடுத்த வகுப்பில் வரும்.

ஆர்ட்டிகிளுக்கு வருகிறேன். போலிஷிலும் கிடையாது, தமிழிலும் கிடையாது. அதனால் இந்த ஒரு இடத்தில் நீங்களும் அவரும் ஒரே படகு. என் வழி, தொடருக்குள் இருக்கும் ஆர்ட்டிகிளுக்கு விதி தேடவே கூடாது. அதைத் தாளமாகப் பிடிக்க வேண்டும். ‘அவுட் ஆஃப் த கொஸ்டின்’ என்றால் நடக்கவே நடக்காது. அந்தத் த விழுந்தால் தாளம் உடைகிறது, கூடவே அர்த்தமும் ஆடும். ‘டேக் ப்ளேஸ்’ என்றால் நிகழ்வது, ‘டேக் த ப்ளேஸ் ஆஃப்’ என்றால் ஒருவருக்குப் பதிலாக நிற்பது. மேசையில் தட்டிக்கொண்டே சொல்லச் சொல்கிறேன், வெட்கப்படாதவர்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். வெட்கப்படுகிறவர்களைக் காரில் தனியாக இருக்கும்போது செய்யச் சொல்கிறேன்.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. சி2வில், படிப்பும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த தாள் ஒன்று இருக்கிறது. அதில் நான்காம் பகுதி ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, குறிப்பிட்ட ஒரு சொல்லை மாற்றாமல் வைத்து, மூன்றிலிருந்து எட்டுச் சொற்களுக்குள் அதையே வேறுவிதமாக எழுதச் சொல்லும். அகராதிப்புழு சொன்ன சேர்க்கைகளும் நான் சொன்ன குட்டிச் சொற்களும் அங்கேதான் மதிப்பெண்ணாக மாறும், கோடரியும் கொட்டகையும் இல்லை. தேர்ச்சிக்கு 200 புள்ளி வேண்டும். 180இலிருந்து 199 வரை வந்தால் சி1 சான்றிதழாவது கிடைக்கும், கை வெறுமையாகத் திரும்ப மாட்டார். பதற்றக்காரர் என்றால் சி1 தேர்வையே எழுதலாம். அதில் 200ஐத் தொட்டால் சான்றிதழில் சி2 நிலை என்று போடுவார்கள். முடிவு அவருடையது. 1913இல் இந்த மேல்நிலைத் தேர்வை முதன்முதலாக நடத்தியபோது எழுதியவர்கள் மூன்றே பேர், மூன்று பேரும் தோல்வி. இதைத் தேர்வுக்கு முந்தின நாள் சொல்லாதீர்கள்.

பியெரோகிப்பித்தன்:

எனக்கும் ஒரு உருப்படியான பங்களிப்பு. கூட்டத்தில் அவர் ‘நோ’ என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். போலிஷில் பேச்சு வழக்கில் ‘நொ’ என்றால் ‘ஆமாம், உம்’. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் போனில் ‘நொ, நொ, நொ’ என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார். அந்தப் பக்கம் இருந்த ஸ்காட்லாந்துக்காரர் மூன்று தடவை விலையைக் குறைத்துவிட்டார்.

அப்புறம், என் முந்தைய பதிலை யாரும் பாராட்டாததால் இன்னொரு தொடர்: ‘ட்ஸொ மா பியெர்னிக் தொ வியத்ராக்கா?’ இஞ்சி ரொட்டிக்கும் காற்றாலைக்கும் என்ன சம்பந்தம்? நம் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் போடுகிற முடிச்சுதான் இது. ஆங்கிலத்தில் இதற்கு இவ்வளவு அழகாக ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அகராதிப்புழு:

மீன் விலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பிரிட்டனில் கேட்பார்கள். பழைய ஆட்கள் சொல்வது. உங்கள் அக்காவின் டீம் லீடிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், நாளைக்கே மெயிலில் வரும்.

ஓத்ராக்கரை (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி, நிலவரம் சொல்கிறேன். அறுநூறு பட்டியல் பிரிக்கப்பட்டுவிட்டது. சும்மா கிடைத்த குவியலை நிஜமாகவே ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டு, ‘இவ்வளவு எனக்கு ஏற்கெனவே தெரியுமா!’ என்று போன் செய்தார். போலிஷ் போலிகள் முப்பத்தாறு ஆகிவிட்டன. பராகோனை மட்டும் அவரால் விட முடியவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் 38 ஸ்வோத்தி (இந்த ஊர்ப் பணம்) சாப்பாட்டுக்குப் பில் வாங்கும்போது, உத்தமத்துக்கு உதாரணமே என்று அதைக் கும்பிடுகிறார். ஜூனியர் பையனுக்கு எழுதிய மதிப்பீட்டைத் திருத்தி, நேரிலும் மன்னிப்புக் கேட்டார். பையனுக்கு அந்தத் தொடரே தெரியாதாம், அர்த்தத்தை இவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் கோபம் வந்திருக்கிறது.

அட்டைகளையும் காட்சியாக மாற்ற ஆரம்பித்துவிட்டார். நேற்றுக் காலை ஒன்பதேகால் மணிக்கு, அன்றைய வேலையைப் பிரித்துக்கொடுக்கிற பத்து நிமிடக் கூட்டம். எல்லாம் பேசி முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, கம்பீரமாக, ‘ரைட், லெட்ஸ் கால் இட் எ டே’ என்றார். லண்டனிலிருந்து திரையில் இருந்த இருவர் கைதட்டினார்கள். இங்கே ஒருவர் லேப்டாப்பை மூடியே விட்டார். என்ன ஆயிற்று என்று அவருடைய அட்டையை வாங்கிப் பார்த்தேன். களைப்பு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, நிறுத்திக்கலாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையும் ஐந்து மணியும் இல்லை. இடம் போதவில்லையாம்.